உங்களுக்குத் தெரியுமா? பிராசஸர் சூடு ஸ்பெஷல்

உதிரிபாகங்களைத் தேடித்தேடி வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் கை துறுதுறுக்கும். 'இந்தப் பிராசஸரை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பார்த்தால் என்ன?' கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டும் அந்த வேலைக்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங். பயாஸுக்குள் போய் நாலு எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதன்பிறகு திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டிகிரி எண்ணைச் சரியாகப் படிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. 80 டிகிரி என்றால் நல்லதா, கெட்டதா? எந்த இடத்து 80, எந்த வேலையின்போது 80, எத்தனை டிகிரி அறையில் 80 என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அந்த எண்ணைப் பற்றிய துணுக்குகள் இதோ.

★ இஸ்திரிப் பெட்டி தோற்கும்

இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசஸருக்கு இன்டெல் போட்டிருக்கும் அதிகபட்ச டர்போ வரம்பு 253 வாட். உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டின் பரப்போ சுமார் 257 சதுர மில்லிமீட்டர்தான்; கட்டைவிரல் நகத்தளவு. கணக்குப் போட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 100 வாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 5 வாட். பிராசஸர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

★ வில்லன் வோல்டேஜ்தான்

பிராசஸர் கக்கும் வெப்பம் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் ஒரு பிராசஸரை 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைப்போம். வேகம் 15 சதவீதம் கூடியது. வெப்பமோ ஏறத்தாழ 45 சதவீதம் கூடிவிடும். முன்பு 100 வாட் என்றால் இப்போது 145.

இதை டிகிரியிலும் பார்க்கலாம். 100 வாட்டின்போது அறையைவிட 40 டிகிரி அதிகமாக இருந்த பிராசஸர், அதே ஹீட்சிங்கில் 145 வாட்டின்போது 58 டிகிரி அதிகமாக இருக்கும். அறை 32 டிகிரி என்றால் 72 ஆக இருந்தது 90 ஆகிவிட்டது. ஓவர்கிளாக் செய்து பழகியவர்கள் வேகத்தைத் தாராளமாக ஏற்றிவிட்டு, வோல்டேஜில் மட்டும் 0.01, 0.02 என்று கஞ்சத்தனம் காட்டுவது இதனால்தான்.

★ சூடே சூட்டை வளர்க்கும்

அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் கசியும். சூடு ஏற ஏற இந்தக் கசிவும் ஏறும். கசிவு ஏறினால் சூடு இன்னும் ஏறும். ஒரே பிராசஸர், ஒரே வேகம், ஒரே வோல்டேஜ் என்றாலும், 60 டிகிரியில் எடுப்பதைவிட 90 டிகிரியில் அதிக வாட் எடுக்கும். நல்ல கூலர் போட்டால் கரன்ட் பில்லிலும் துளி குறையும்.

★ தெர்மாமீட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது?

சிலிக்கானுக்குள்ளேயே. ஒரு டயோடு வழியாக மாறாத அளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் இரு முனைகளுக்கு இடையிலான வோல்டேஜ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறைந்துகொண்டே போகும். அந்தச் சரிவை அளந்தால் வெப்பநிலை கிடைத்துவிடும். இன்றைய பிராசஸர்களில் ஒரு கோருக்கே பல சென்சார்கள் உண்டு. நாம் பார்க்கும் எண் பெரும்பாலும் அவற்றில் அதிகச் சூடான இடத்தினுடையது, சராசரி அல்ல.

ஒரு காலத்தில் மதர்போர்டு சாக்கெட்டின் நடுவே, பிராசஸரின் அடிவயிற்றைத் தொட்டபடி ஒரு தெர்மிஸ்டர் நிற்கும். உள்ளே ஏறிய சூடு அதற்கு எட்டும்போது நேரமாகியிருக்கும்.

★ இன்டெல் சொல்வது வெப்பநிலையே இல்லை!

2006-ல் வந்த கோர் டுயோ முதல் இன்டெல் பிராசஸர்கள் சூட்டை நேரடியாகச் சொல்வதில்லை. 'என் உச்சவரம்புக்கு இன்னும் இத்தனை டிகிரி பாக்கி' என்றுதான் சொல்லும். வரம்பு 100, பாக்கி 35 என்றால், கழித்துப் பார்த்து 65 என்று நமக்குக் காட்டுவது மென்பொருள். வரம்பைத் தப்பாக எடுத்துக்கொண்ட மென்பொருள் மொத்தக் கணக்கையும் தப்பாகவே காட்டும்.

இந்த சென்சார்கள் வரம்புக்கு அருகில் துல்லியமாக இருக்கும்படி செய்யப்பட்டவை. சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை அவ்வளவாக நம்ப வேண்டாம். அறையே 33 டிகிரியில் தகிக்கும்போது ஒரு கோர் 29 காட்டினால், அது கூலரின் மகிமை இல்லை, சென்சாரின் தடுமாற்றம்.

★ 20 டிகிரி கூட்டிச் சொன்ன ரைசன்

2017-ல் ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ், 1700எக்ஸ் வாங்கியவர்கள் சூட்டைப் பார்த்துப் பதறிப்போனார்கள். பிறகு ஏஎம்டியே விளக்கம் தந்தது. இந்த மாடல்கள் நிஜ வெப்பநிலையோடு 20 டிகிரியைக் கூட்டித்தான் சொல்லும். எல்லா மாடல்களிலும் ஃபேன் ஒரே மாதிரி சுழல வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எக்ஸ் எழுத்து இல்லாத 1700-க்கு இந்தக் கூட்டல் கிடையாது. அதற்கடுத்து வந்த 2700எக்ஸில் கூட்டல் 10 டிகிரி. செகண்ட் ஹேண்டில் பழைய ரைசன் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

★ அளந்தாலே ஏறும்

2019-ல் ரைசன் 3000 வரிசை வந்தபோது இன்னொரு புகார். எந்த வேலையும் இல்லாதபோதுகூட வோல்டேஜும் சூடும் துள்ளுகின்றனவே! ஏஎம்டி ஆராய்ந்து பார்த்ததில், சில கண்காணிப்பு மென்பொருள்களே காரணம் என்று தெரிந்தது. ஒரு நொடிக்குள் பலமுறை 'எவ்வளவு சூடு, எவ்வளவு சூடு' என்று கேட்டுத் தூங்கும் கோர்களைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தன. எழுப்பப்பட்ட கோர், ஏதோ வேலை வந்துவிட்டது என்று முழு வேகத்துக்குத் தாவியது. அளவெடுக்கும் இடைவெளியை 2 நொடி என்று வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கண்காணிப்பு மென்பொருளை ஓட்டாதீர்கள்.

★ 127 டிகிரியா?

பட்டியலில் ஏதோ புரியாத பெயருக்கு எதிரே 127 டிகிரி என்று அசையாமல் நிற்கிறதா? அல்லது பூஜ்யத்துக்குக் கீழே காட்டுகிறதா? அந்த முனையில் சென்சாரே இணைக்கப்படவில்லை என்று அர்த்தம். மதர்போர்டு சிப்பில் பத்து இடம் இருக்கும். போர்டு தயாரித்தவர் ஆறில்தான் சென்சார் வைத்திருப்பார். வேலை கொடுத்தபோதும் அசையாத எண்ணைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுங்கள்.

★ பயாஸில் 50, விண்டோஸில் 38

இரண்டும் சரியே. பயாஸ் திரையில் நிற்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதிகள் பெரும்பாலும் இயங்குவதில்லை. சும்மா நின்றாலும் கோர்கள் விழித்துக்கொண்டே நிற்கும். விண்டோஸோ லினக்ஸோ வந்த பிறகுதான் அவற்றுக்கு உறக்கம்.

★ டாஸ்க் மேனேஜரில் தேடாதீர்கள்

2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 அப்டேட் முதல் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டுகிறது. பிராசஸரின் சூட்டுக்குத் தனி மென்பொருள்தான் வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ, எச்டபிள்யூமானிட்டர், கோர் டெம்ப் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. ரைசனுக்கு ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர், இன்டெல்லுக்கு எக்ஸ்டியூ. லினக்ஸ்காரர்களுக்கு எல்எம்-சென்சார்ஸ்.

★ 72.6 என்ற பழைய பூதம்

கோர் ஐ7-2600கே வந்த 2011-ல், இன்டெல்லின் இணையப் பக்கத்தில் வெப்ப வரம்பு 72.6 டிகிரி என்று இருந்தது. மென்பொருளில் 75 பார்த்தவர்களுக்குத் தூக்கம் போனது. அந்த 72.6 பிராசஸரின் உலோக மூடியின் மேல், நடுமையத்தில் அளக்க வேண்டியது. கோர் டெம்ப் காட்டுவதோ மூடிக்கு உள்ளே, சிலிக்கானின் சூடு. அந்த இடத்துக்கான வரம்பு அதைவிடப் பல டிகிரி மேலே. இடம் மாறினால் வரம்பும் மாறும்.

★ வரம்பு ஆளுக்கு ஆள் வேறு

இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி. ரைசன் 7 5800எக்ஸுக்கு 90. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. ஆனால் அதே வரிசையில் உள்ள 7800எக்ஸ்3டிக்கு 89 மட்டுமே. அதில் கூடுதல் கேச் மெமரி, கோர்களின் தலைமேல் அடுக்கப்பட்டிருக்கிறது. வெப்பம் அதைத் தாண்டித்தான் மேலே வர வேண்டும். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேச்சைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வரம்பு 95-க்கு உயர்ந்தது, ஓவர்கிளாக்கிங்குக்கும் கதவு திறந்தது.

★ 95-ல் ஓடுவது கோளாறு இல்லை

ரைசன் 9 7950எக்ஸ் முழு வேலையின்போது 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும். வரம்புவரை போய், அதற்குள் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுப்பது என்பதே அதன் வடிவமைப்பு. பெரிய கூலர் வாங்கிப் போட்டாலும் அதே 95 காட்டலாம். வேகம்தான் கூடியிருக்கும்.

★ புகை கிளம்பிய வீடியோ

2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு சோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. குவேக் 3 கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸரின் மேலிருக்கும் ஹீட்சிங்கைக் கையால் கழற்றி எடுப்பது. பென்டியம் 4-ல் கேம் தடுமாறி, நத்தை வேகத்துக்கு இறங்கியது, நின்றுபோகவில்லை. ஹீட்சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகம் வந்தது. பென்டியம் 3-ல் திரை உறைந்தது, பிராசஸர் தப்பியது. ஏஎம்டி அத்லானிலோ ஹீட்சிங்கை எடுத்த சில நொடிகளில் புகை கிளம்பியது, பிராசஸர் செத்தது. புதிதாக வந்திருந்த அத்லான் எம்பியில் வெப்ப டயோடு இருந்தது. ஆனால் மதர்போர்டு அதைக் கேட்டுச் சுதாரிப்பதற்குள் கதை முடிந்துவிட்டது.

சென்சார் இருந்தால் மட்டும் போதாது, அது சொல்வதை உடனே கேட்டு நடக்க ஆளும் வேண்டும் என்பதை அந்தச் சில நிமிட வீடியோ உலகத்துக்கே காட்டியது.

★ இன்று கருகாது; ஆனால் ஏமாற்றும்

இப்போதைய பிராசஸர்கள் வரம்பைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். இது காப்பாற்றும் வசதி. ஆனால் 5.2 கிகாஹெர்ட்ஸ் என்று பயாஸில் போட்டுவிட்டு, சூடு தாங்காமல் 4.7-ல் ஓடும் பிராசஸரை வைத்துக்கொண்டு பெருமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். டிகிரியைப் பார்க்கும் கண் அதே நொடியில் கிகாஹெர்ட்ஸையும் பார்க்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோவில் 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரிக்கு எதிரே 'யெஸ்' என்று வந்துவிட்டால், ஓவர்கிளாக் தோற்றுவிட்டது.

★ கிகாஹெர்ட்ஸும் பொய் சொல்லும்

வோல்டேஜை அளவுக்கு மீறிக் குறைத்தால், சில ரைசன் பிராசஸர்கள் கிராஷ் ஆகாமல் கடிகாரத் துடிப்பை மட்டும் இழுத்து நீட்டிச் சமாளிக்கும். திரையில் 4.8 என்றே காட்டும், சூடும் குளுகுளுவென்று இருக்கும், வேலை மட்டும் மந்தமாக நடக்கும். 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற தனி வரியையும், ஒரு பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

★ பகா எண் தேடப் பிறந்தது

ஓவர்கிளாக்கர்கள் பிராசஸரை வாட்டிப் பார்க்கப் பயன்படுத்தும் பிரைம்95, அதற்காக எழுதப்பட்டதே இல்லை. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்கான மென்பொருள் அது. மாதக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு பிட் தப்பினாலும் உழைப்பெல்லாம் வீண் என்பதால், கம்ப்யூட்டர் நம்பகமானதா என்று முதலில் சோதிக்க ஒரு 'டார்ச்சர் டெஸ்ட்' சேர்த்தார்கள். அதுவே தனிப்புகழ் பெற்றுவிட்டது. இன்டெல்லின் ஸ்கைலேக் பிராசஸர்களில் இருந்த ஒரு பிழை 2016 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்ததும் பிரைம்95 ஓட்டியவர்களால்தான்.

★ எல்லா 100 சதவீதமும் ஒன்றல்ல

டாஸ்க் மேனேஜர் 100 சதவீதம் காட்டினால் பிராசஸர் உச்ச சூட்டில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஏவிஎக்ஸ் என்ற வகை கட்டளைகள் ஒரே துடிப்பில் பல எண்களைச் சேர்த்து விழுங்குபவை. பிரைம்95-ன் 'ஸ்மால் எஃப்எஃப்டி' சோதனையில் இவை நிறைய உண்டு. சாதாரண வேலையில் 75 காட்டும் பிராசஸர் அங்கே எளிதாக 90-ஐத் தாண்டும். அதற்காகவே பல மதர்போர்டுகளில் ஏவிஎக்ஸ் வரும்போது மட்டும் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. வீடியோ எடிட்டிங் செய்கிறவர் சினிபெஞ்ச் போன்ற சோதனையையும், தான் தினமும் பயன்படுத்தும் மென்பொருளையும் வைத்துப் பார்ப்பதே நியாயமான பரீட்சை.

★ எத்தனை நிமிடம் பார்ப்பது?

ஃபேன் கூலர் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எண் ஒரு நிலைக்கு வந்துவிடும். வாட்டர் கூலருக்கு அரைமணி நேரமாவது கொடுங்கள். தண்ணீர் நிறைய வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் சூடேறும். ஐந்தாவது நிமிடத்தில் 68 என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறவர்களின் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.

★ பெர்லினின் 70, சென்னையின் 86

ஃபேனாலும் ரேடியேட்டராலும் பிராசஸரை அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. அவற்றின் திறமை எல்லாம் அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதில்தான். அறை 20 டிகிரி இருக்கும் பெர்லினில் ஒருவருக்கு 70 வந்தால், அது அறையைவிட 50 அதிகம். அதே கம்ப்யூட்டரை அக்னி நட்சத்திர நாளில், ஏசி இல்லாத 36 டிகிரி சென்னை அறையில் வைத்தால் 86 காட்டும். கூலரில் குறை ஏதும் இல்லை. யூடியூப் விமர்சனங்களில் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவர்கள் அறை வெப்பநிலை என்னவென்று தேடுங்கள்.

கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்திருந்தால், உங்கள் பிராசஸரின் 'அறை' அந்த அடைப்புதான். அங்கே ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

★ காற்றைத் துரத்தவே பேஸ்ட்

செம்பின் வெப்பக் கடத்துத்திறன் 400 என்று கொண்டால், நல்ல தெர்மல் பேஸ்ட்டினுடையது ஒற்றை இலக்கமோ அதைக் கொஞ்சம் தாண்டியதோதான், காற்றுக்கோ 0.026. வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்கும். அதை வெளியேற்றி இடத்தைப் பிடிப்பது மட்டுமே பேஸ்ட்டின் வேலை. நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கனமாக அப்பினால் உலோகங்கள் ஒன்றையொன்று நெருங்க முடியாது.

சுவிட்ச் போட்ட ஒரு நிமிடத்தில் 90 தாண்டுகிறதா? கூலரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடித்தட்டில் 'மாட்டுமுன் பிரிக்கவும்' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் தாள், பேஸ்ட் பூசியபடி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். புது அசெம்பிளியில் இது அடிக்கடி நடப்பதுதான்.

★ அலுமினியத்தைத் தின்னும் திரவம்

பேஸ்ட்டுக்குப் பதில் 'லிக்விட் மெட்டல்' பூசினால் பல டிகிரி குறையும். அதில் இருப்பது காலியம் கலந்த உலோகக் கலவை. அலுமினியத்தில் பட்டால் அரித்து உதிர்த்துவிடும். செம்பு அல்லது நிக்கல் பூசிய அடித்தட்டு உள்ள கூலரில் மட்டுமே பயன்படுத்தலாம். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் ஒரு துளி மதர்போர்டில் சிந்தினாலும் ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு.

★ குழாய்க்குள் கொதிக்கும் தண்ணீர்

டவர் கூலரில் தெரியும் செம்புக் குழாய்கள் திடமானவை அல்ல. உள்ளே காற்றை நீக்கிவிட்டுத் துளித் தண்ணீர் வைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய் நீராகித் திரும்பும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ல் செய்துகாட்டிய நுட்பம் இது. விண்கலங்களுக்குப் போய்விட்டு நம் மேஜைக்கு வந்தது.

★ மூடியைக் கழற்றிய காலம்

2011-ன் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களில் சிலிக்கானையும் உலோக மூடியையும் ஈயப்பற்று வைப்பதுபோல உலோகத்தால் ஒட்டியிருந்தார்கள். 2012-ன் ஐவி பிரிட்ஜில் அந்த இடத்தில் பேஸ்ட் வந்தது. ஓவர்கிளாக் செய்தவர்கள் சூடு எகிறுவதைப் பார்த்துக் கொதித்தார்கள். சவரப் பிளேடாலும் பெஞ்ச் வைஸாலும் மூடியைப் பெயர்த்து எடுத்து, வேறு பேஸ்ட் பூசித் திரும்ப மூடும் 'டீலிட்' கலாசாரம் அப்போதுதான் பரவியது. ஒரு பிளேடு நழுவினால் பிராசஸர் காலி. 2018-ல் ஐ9-9900கே வந்தபோது இன்டெல் மறுபடி உலோகப் பற்றுக்குத் திரும்பியது.

★ நடுவில் இல்லாத அடுப்பு

புதிய ரைசன்களில் கோர்கள் இருக்கும் சிலிக்கான் துண்டு மூடியின் மையத்தில் இல்லை, ஓரமாக ஒதுங்கியிருக்கும். அதனால் கூலரையும் 7 மில்லிமீட்டர் தள்ளி மாட்ட நாக்டுவா நிறுவனம் 2023-ல் தனி மவுன்டிங் பட்டைகளைக் கொண்டுவந்தது. பலன் 1 முதல் 3 டிகிரி.

★ வளைந்த பிராசஸர்

இன்டெல்லின் 12-ம் தலைமுறைக்கு வந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பிராசஸர் நீளமானது. பிடிப்பானோ நடுவில் மட்டும் அழுத்தும். விளைவு, மூடி மெல்ல வளைந்து, கூலரோடு முழுதாக ஒட்டாமல் போனது. சுற்றிலும் சமமாக அழுத்தும் 'கான்டாக்ட் ஃபிரேம்' என்ற உலோகச் சட்டம் இதற்கென்றே விற்பனைக்கு வந்தது.

★ பென்சிலால் ஓவர்கிளாக்

1998-ல் வந்த செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300 மெகாஹெர்ட்ஸ் ஓடும். பஸ்ஸை 100 ஆக்கினால் அப்படியே 450. விலையுயர்ந்த பென்டியம் 2-க்குச் சமமாக நின்றது. 2000-ல் அத்லான், டூரான் பிராசஸர்களின் மேற்பரப்பில் வெட்டிவிடப்பட்டிருந்த நுண்ணிய இணைப்புகளைச் சாதாரண பென்சிலால் கோடு கிழித்துச் சேர்த்து, மல்டிப்ளையர் பூட்டைத் திறந்தார்கள். பென்சில் கரியும் மின்சாரம் கடத்தும் அல்லவா!

★ 9 கிகாஹெர்ட்ஸ்

2022 டிசம்பரில் கோர் ஐ9-13900கே ஒன்று 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. குளிர்வித்தது திரவ ஹீலியம். அது கொதிப்பது மைனஸ் 269 டிகிரியில். சாதாரணமாகப் போட்டிகளில் ஊற்றும் திரவ நைட்ரஜனுக்கு மைனஸ் 196. அந்த ஆட்டத்தில் சென்சார் வரம்பைப் பார்ப்பதும் தலைகீழ். சில பிராசஸர்கள் குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனால் கம்ப்யூட்டரே எழும்பாது.

★ குளிர்ந்தாலும் கஷ்டம்

அறைக் காற்றைவிடக் குளிராக்கும் பெல்டியர் கூலர்களை வாங்குமுன் கடலோரத்தில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். சென்னையில் பனிநிலை ஆண்டின் பல மாதங்கள் 24, 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்த உலோகத்திலும் நீர் பூக்கும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலில் வியர்ப்பது நன்றாகத்தான் இருக்கும், மதர்போர்டில் வேண்டாம்.

★ 4 கிகாஹெர்ட்ஸுக்கு மண்டியிட்டவர்

2001-ல் ஒரு மாநாட்டில் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர், சிப்களின் வெப்ப அடர்த்தி இப்படியே ஏறினால் அணு உலையையும் ராக்கெட் முனையையும் எட்டிவிடும் என்று எச்சரித்தார். 2004-ல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. தலைவர் கிரெய்க் பாரெட் அந்த அக்டோபரில் ஒரு மேடையில் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். வேகத்தை விட்டுவிட்டுக் கோர்களை அதிகமாக்கும் காலம் அங்கே தொடங்கியது.

★ டிகிரி நல்லபிள்ளையாக இருந்தும் செத்தவை

2023-ல் சில ரைசன் 7800எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டிலேயே கருகின. மெமரியை வேகப்படுத்தும் அமைப்பு, எஸ்ஓசி வோல்டேஜைக் கூடுதலாக ஏற்றியது காரணம் என்று கண்டு, ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு போட்டது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறைப் பிராசஸர்கள் நிலைதடுமாறின. அங்கேயும் குற்றவாளி, தேவைக்கு மேல் ஏறிய வோல்டேஜ். ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது, வாரன்டியும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. டிகிரிக்குப் பக்கத்திலேயே வோல்ட் வரியையும் வையுங்கள்.

★ குறைத்தால் கூடும்

ஒரே மாடலில் இரண்டு பிராசஸர் வாங்கினாலும் இரண்டும் ஒரே தரமாக இருக்காது. எல்லாவற்றுக்கும் போதுமானபடி கம்பெனி கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்திருக்கும். அதைக் குறைத்தால் சூடு இறங்கும். இறங்கிய இடத்தில் பிராசஸர் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். ரைசனில் 2020 இறுதியில் வந்த 'கர்வ் ஆப்டிமைசர்' இதை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகச் செய்ய விடுகிறது. இன்றைய ஓவர்கிளாக்கிங்கில் பாதி, வோல்டேஜைக் குறைக்கும் கலைதான்.

★ கடைசியாக, ஒரு நோட்டு

சோதனை முடிந்ததும் ஐந்து எண்களை எழுதி வையுங்கள்: அறை வெப்பநிலை, ஓட்டிய சோதனை, வேகம், வோல்டேஜ், அதிகபட்ச சூடு. ஜனவரியில் அறை 26, சூடு 76. மே மாதம் அதே சோதனை, அதே வோல்டேஜ், அறை 35, சூடு 85. வித்தியாசம் அன்றும் 50, இன்றும் 50. வெயிலைத் தவிர எதுவும் மாறவில்லை. அடுத்த ஜனவரியில் அறை 26, சூடு 84 என்று வந்தால்? எண் மே மாதத்தைவிடக் குறைவுதான். ஆனால் வித்தியாசம் 58 ஆகிவிட்டது. ஹீட்சிங்க் இடுக்கில் தூசு அடைந்திருக்கும், இல்லாவிட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஸ்குரூடிரைவரை எடுங்கள்.